மார்பகப் புற்றுநோயும் ஸ்கேன் படங்களும்: "எதுவரை பரவியிருக்கிறது?" என்ற கேள்வியின் வரலாறு



"பெட் ஸ்கேன் எடுக்க உதவி தேவை" என்ற செய்தி நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்குப் புதிதல்ல. அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நாம் இயன்றதைக் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தக் குணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது, யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பெரிய மெஷின் என்றால் பெரிய வைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறோம். டொக்டர் ஸ்கேன் வேண்டாம் என்றால், "கவனிக்கிறார்கள் இல்லை" என்று மனம் உடைகிறோம்.

நம் நாட்டுப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அது நம் வீடுகளுக்குள் உம்மாவாக, தாத்தாவாக, மாமியாக வந்து நிற்கிறது. ஆகவே இந்தப் படங்களின் வரலாற்றை எல்லோரும் விளங்கும்படி சொல்லலாம் என்று இந்தப் பதிவை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்; வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

விரல்களால் மட்டும் அளந்த காலம்

ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. சத்திரசிகிச்சை வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலில் அவர் மார்பகப் புற்றைப் பற்றியும் பேசுகிறார். கட்டி சிறியதாக, ஆரம்பத்தில் இருந்து, முழுதாக வெட்டி அகற்றவும் முடியுமானால் முயற்சிக்கலாம் என்கிறார். பெரிதாகி நாட்பட்டுவிட்டால் தொட வேண்டாம். அப்படியொன்றைத் தாமும் குணப்படுத்தவில்லை, குணப்படுத்திய இன்னொருவரைக் கண்டதுமில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்.

இன்று டொக்டர்மார் "ஸ்டேஜ்" என்று சொல்வதன் கரு இதுதான். கட்டி எவ்வளவு பெரிது? எதுவரை போயிருக்கிறது? அதைப் பொறுத்தே சிகிச்சை. அஸ்ஸஹ்ராவியிடம் கேள்வி இருந்தது. பதில் காண அவரிடம் இருந்தவை கண்ணும் விரல்களும் மட்டுமே.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தையும் அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள கணுக்களையும் சேர்த்து வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையைப் பிரபலமாக்கினார். நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க வழியில்லாதபோது, போயிருக்கக்கூடிய இடத்தையெல்லாம் வெட்டுவதே பாதுகாப்பு என்று எண்ணினார்கள். அடுத்த எழுபது, எண்பது வருடங்களுக்குப் பெண்கள் அந்தப் பெரிய வெட்டைச் சுமந்தார்கள்.

ஒளிபுகும் படம்

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் பார்த்திருப்பார்கள். 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது.

எலும்பைக் காட்டுவது எக்ஸ்ரேக்கு எளிது. மார்பகத்தில் எலும்பு இல்லை. எல்லாம் மென்மையான சதையும் கொழுப்பும். அதற்குள் கட்டியைப் பிரித்துக் காண்பது கடினம். 1913இல் பேர்லின் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆல்பர்ட் ஸாலொமோன், அறுத்து எடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சில படங்களில் உப்புத் தூவியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவை கல்சியத் துணுக்குகள். இன்றும் மெமோகிராம் பார்க்கும் டொக்டர் முதலில் தேடும் அடையாளங்களில் அவையும் ஒன்று.

ஸாலொமோன் யூதர். நாஸிகள் ஆட்சிக்கு வந்ததும் தொழிலை இழந்தார், வதைமுகாமில் அடைக்கப்பட்டார், பிறகு தப்பி நெதர்லாந்துக்குப் போனார். ஓவியரான அவரது மகள் ஷார்லட் 1943இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்து ஒருவரை ஒதுக்கும்போது உலகம் எதை இழக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

1930இல் அமெரிக்காவில் ஸ்டாஃபர்ட் வொரன் உயிருடன் உள்ள பெண்களின் மார்பகப் படங்களைப் பற்றி எழுதினார். 1940களின் கடைசியில் உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன், மார்பகத்தை மெல்ல அழுத்திப் பிடித்து எடுத்தால் படம் தெளிவாகிறது என்று காட்டினார். மெமோகிராம் எடுக்கும்போது "ஏன் இப்படி அமர்த்துகிறார்கள்?" என்று நம் பெண்கள் கேட்பார்கள். அதற்கு விடை அங்கே இருக்கிறது. அழுத்தும்போது சதை பரந்து மெலிகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்து கிடப்பவை பிரிகின்றன. தேவையான கதிரின் அளவும் குறைகிறது. சில விநாடி வலிதான்.

1960களில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சார்ல்ஸ் குரோ மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்ரே மெஷினை உருவாக்கினார். அதே காலத்தில், 1963இல், நியூயோர்க்கில் ஏறத்தாழ 62,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான பிலிப் ஸ்ட்ராக்ஸ், தன் மனைவியை இளவயதிலேயே இந்த நோயில் இழந்தவர். மெமோகிராமுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அழைக்கப்பட்ட பெண்களிடையே, பத்து வருடங்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. விரலுக்கு அகப்படும் முன்பே படத்துக்கு அகப்பட்டால் உயிர் தப்பும் வாய்ப்பு கூடுகிறது என்று முதன்முதலில் எண்ணிக்கையோடு தெரியவந்தது அப்போதுதான்.

ஸ்டேஜ் என்றால் என்ன?

பிரான்ஸின் பியர் டெனுவா 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் ஒரு முறையை வகுத்தார். மூன்று கேள்விகள். கட்டி எவ்வளவு பெரிது? அக்குள் போன்ற இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா? உடம்பின் தூர இடங்களுக்கு, அதாவது எலும்பு, ஈரல், நுரையீரல், மூளைக்குப் போயிருக்கிறதா? ரிப்போர்ட்டில் டீ, என், எம் என்று எழுதியிருப்பது இந்த மூன்றும்தான். 1968இல் சர்வதேசப் புற்றுநோய்ச் சங்கம் இதைக் கைநூலாக வெளியிட்டது. அதன்பிறகு கண்டியிலும் பாரிஸிலும் டொக்டர்மார் ஒரே பாஷையில் பேச முடிந்தது.

2 சென்றிமீற்றருக்கு உட்பட்ட கட்டி என்றால் டீ 1. 2 முதல் 5 வரை டீ 2. 5க்கு மேல் டீ 3. தோலுக்கோ நெஞ்சுச் சுவருக்கோ பரவியிருந்தால் டீ 4. தூர இடத்துக்குப் போயிருந்தால், கட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது நான்காம் ஸ்டேஜ். இப்போது இவற்றோடு கட்டியின் குணத்தையும், அதாவது ஹோர்மோனுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பது போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதை எந்தப் படமும் சொல்லாது. ஊசியால் எடுத்த சதைத் துண்டைப் பரிசோதித்துத்தான் அறிய வேண்டும். பயொப்ஸி எடுத்தால் நோய் பரவும் என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் பயொப்ஸியைத் தள்ளிப்போடுபவர் சிகிச்சையைத்தான் தள்ளிப்போடுகிறார்.

மூன்று கேள்விக்கும் ஒரே படம் பதில் சொல்லாது. முதல் கேள்விக்கு மெமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும். இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது, மெமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. அதனால்தான் நாற்பதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தொடங்குகிறார்கள். "வயது குறைவென்று மலிவான ஸ்கேனைத் தந்துவிட்டார்கள்" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சிலருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

அக்குள் கணுவுக்கு 1990களில் ஒரு நல்ல வழி பிறந்தது. முன்பு கணுக்களை மொத்தமாக எடுத்தார்கள். அதனால் கை வீங்கிப்போன பெண்களை நாமே கண்டிருக்கிறோம். தேங்காய் துருவக்கூட முடியாத கஷ்டம். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு எது என்று கதிரியக்க மருந்தாலோ நீலச் சாயத்தாலோ கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று அமெரிக்க டொக்டர்மார் காட்டினார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றக் கணுக்களை விட்டுவிடலாம்.

நமது பக்கத்தில்: பேராதனையும் எலும்பு ஸ்கேனும்

மூன்றாவது கேள்விக்கான பதிலில் நமது ஊருக்கும் பங்குண்டு. மார்பகப் புற்று தூரப் பரவும்போது அதிகமாகப் போய் உட்காரும் இடம் எலும்பு. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு நிறையக் கரைந்த பிறகே அது தெரியும். 1971இல் அமெரிக்காவில், பெயரிலேயே தென்னிந்தியா தெரியும் கோபால் சுப்பிரமணியனும் அவரது சகா மெக்கஃபியும், டெக்னீசியம் என்ற கதிரியக்க மூலகத்தைப் பொஸ்பேட் சேர்மத்தோடு இணைத்தார்கள். எலும்பு எங்கே புதிதாக வேலை செய்கிறதோ அங்கே அது போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே காமா கமெரா அதைப் படம் பிடிக்கிறது. எலும்பு ஸ்கேன் உலகமெங்கும் பரவியது இதனால்தான்.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1962இல் தொடங்கப்பட்டது. அந்தப் பீடத்தின் அணு மருத்துவப் பிரிவில் இந்த ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மலையகத்திலிருந்தும் தூரப் பிரதேசங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். "அணு" என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. டெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலம். ஒரு நாளுக்குள் நான்கு தடவை பாதியாகும். அதாவது மறுநாள் அதே நேரத்தில் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரோடு போவது இதைவிட மேல். ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்கச் சொல்வார்கள், நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அன்று கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கொஞ்சம் தூரத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எலும்பு ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும் எல்லாம் புற்றுநோய் இல்லை. முழங்கால் தேய்வும், எப்போதோ விழுந்து உடைந்த விலா எலும்பும் அப்படியே தெரியும். ரிப்போர்ட் கையில் கிடைத்தவுடன் கூகிளில் தேடி வீட்டையே மரண வீடாக்குவதை விட, டொக்டரைச் சந்திக்கும் வரை பொறுப்பது நல்லது.

மகரகமைக்கு வந்த பெட் ஸ்கேன்

பெட் ஸ்கேனின் அடிப்படை எளிது. வேகமாக வளரும் கலங்கள் சீனியை அதிகம் தின்னும். கதிரியக்கம் ஏற்றிய சீனியை உடம்பில் செலுத்தினால், அது அதிகம் சேரும் இடம் படத்தில் ஒளிரும். 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனிதருக்கு முதன்முதலில் இந்தச் சீனி செலுத்தப்பட்டது. அந்தக் குழுவில் முக்கியமானவர் ஈரானில் பிறந்த அப்பாஸ் அலவி. பிறகு 1998இல் பெட்டையும் சீ.டீ. ஸ்கேனையும் ஒரே மெஷினில் இணைத்தார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஸ்கேனுக்கு முன் சீனி அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

நம் நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலையான மகரகமையில் நீண்ட காலம் இந்த மெஷின் இருக்கவில்லை. 2016இல் எம்.எஸ்.எச். முஹம்மத் அவர்களின் தலைமையில் கதீஜா பவுண்டேஷன் இருபது கோடி ரூபா சேர்க்கும் வேலையில் இறங்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று நாடே காசு போட்டது. பணம் சேர்ந்தது. உத்தியோகபூர்வ நடைமுறைகளில் இழுபட்டாலும் கடைசியில் மெஷினும் வந்தது. ஒரு மக்கள் கூட்டம் சேர்ந்து தன் வைத்தியசாலைக்குச் செய்த ஸதகா என்று நாம் பெருமைப்படலாம்.

அந்த முயற்சியால்தான் "பெட் ஸ்கேன்" என்ற சொல் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதோடு ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டது. கென்சர் என்றால் எல்லோருக்கும் பெட் ஸ்கேன் வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினோம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

கட்டி சிறியது, முதலாம் இரண்டாம் ஸ்டேஜ், உடம்பில் வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால், பெட், சீ.டீ., எலும்பு ஸ்கேன் ஆகியவற்றை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்பதே சர்வதேச வழிகாட்டல். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2012இலேயே இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தக் கட்டத்தில் தூரப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வீண் சந்தேகங்களைக் கிளப்பி, மேலும் பரிசோதனைகளில் மாட்டிவிடும் வாய்ப்பே அதிகம். மூன்றாம் ஸ்டேஜ், அல்லது எலும்பு வலி, இருமல், மூச்சுத் திணறல் போன்ற அறிகுறிகள் இருந்தால் கதை வேறு. அப்போது அந்தப் படங்கள் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும். அவர்களுக்காகக் காசு சேர்ப்பது மிகச் சரியான காரியம்.

சிகிச்சை முடிந்த பிறகும் இதே கேள்வி வருகிறது. "வருடா வருடம் முழு உடம்பையும் ஸ்கேன் பண்ணினால் நல்லதுதானே?" இத்தாலியில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். 1,320 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வும் 1,243 பெண்களைக் கொண்ட இன்னோர் ஆய்வும் 1994இல் வெளிவந்தன. ஒரு பகுதியினருக்கு அடிக்கடி நெஞ்சு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் போன்றவை. மற்றப் பகுதியினருக்கு டொக்டரின் பரிசோதனையும் மெமோகிராமும், தேவைப்பட்டால் மட்டும் மற்றவை. இரண்டு பகுதியினரும் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. புதிய மருந்துகள் வந்திருப்பதால் இதை இப்போது மீண்டும் ஆராய்கிறார்கள். ஆனால் வழிகாட்டல் இன்றுவரை மாறவில்லை: ஒழுங்காகக் கிளினிக் போவது, வருடத்துக்கு ஒரு மெமோகிராம், புதிய அறிகுறி வந்தால் உடனே சொல்வது.

அந்த மெமோகிராமைப் பார்க்கும் டொக்டருக்குப் பழைய படம் மிக முக்கியம். போன வருடம் இல்லாதது இந்த வருடம் இருக்கிறதா என்றுதான் அவர் தேடுகிறார். ஆகவே படங்களையும் ரிப்போர்ட்களையும் வீசிவிடாதீர்கள். கண்டியின் ஈரத்தில் கட்டிலுக்கடியில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள்; ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டு போங்கள்.

எந்த மெஷினாலும் முடியாதது

இவ்வளவு வரலாற்றையும் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விரலில் தொடங்கி பெட் ஸ்கேன் வரை வந்த இந்தப் பயணம் முழுவதும், நோய் எதுவரை போயிருக்கிறது என்பதைச் சரியாக அறிவதற்கானது. அது போயிருக்கும் தூரத்தை எந்தப் படமும் குறைக்காது. அந்தத் தூரத்தில் ஒரு பெரும் பகுதி, கட்டி கையில் பட்ட நாளுக்கும் அதை டொக்டரிடம் காட்டிய நாளுக்கும் இடையில் கடக்கப்படுகிறது. அந்த நாட்கள் வைத்தியசாலையில் கழிவதில்லை. நம் வீடுகளில் கழிகின்றன.

அவை எப்படிக் கழிகின்றன என்று நமக்குத் தெரியும். "நோன்பு முடியட்டும்." "மகளுடைய கல்யாணம் முடியட்டும்." "வலிக்கவில்லையே, ஏன் பயப்பட வேண்டும்?" ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. கணவருக்குச் சொல்ல வெட்கம், மகனுக்குச் சொல்ல வெட்கம், வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வராது என்ற பயம். பிறகு எண்ணெய், ஓதிய தண்ணீர், நாட்டு மருந்து. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதிக்கொண்டே கிளினிக்குக்கும் போகலாம்.

ஆண் டொக்டர் என்பதால் போகாமல் இருப்பவர்களும் உண்டு. பெண் டொக்டரையோ பெண் ரேடியோகிராபரையோ கேட்பது நம் உரிமை. மரியாதையாகக் கேட்டால் எந்த நாளில் இருப்பார் என்று சொல்வார்கள். பெண் துணையொருவரைக் கூட்டிப் போகலாம். ஆனால் அதைக் காரணமாக வைத்து மாதங்களை ஓட விடுவதை மார்க்கமும் கேட்கவில்லை.

நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மெமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லை. ஆனால் 1996 முதல் சுவநாரி கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண்களை விசேடமாக அழைக்கிறார்கள். அங்கே மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள். காசு இல்லை. உங்கள் பிரதேச எம்.ஓ.எச். ஒபிஸில், அல்லது வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடம் நாளைக் கேட்டுக்கொள்ளலாம். மாதத்தில் ஒருமுறை தானே கையால் பார்த்துக்கொள்ளும் முறையையும் சொல்லித் தருவார்கள். கட்டி, தோல் சுருங்குதல், காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம், அக்குளில் வீக்கம் என்று எது தெரிந்தாலும் அந்த வாரத்திலேயே காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதை நாம் தீர்மானிக்கக்கூடாது, பரிசோதனை தீர்மானிக்கட்டும்.

ஆண்களுக்கும் சொல்கிறோம். இன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து உம்மாவிடமும் மனைவியிடமும் கேளுங்கள்: "சுவநாரி கிளினிக் போனீர்களா? எப்போது போகலாம், நான் கூட்டிப் போகிறேன்." பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஜனாஸா சங்கங்களும் வருடத்தில் ஒரு நாளைப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கலாம். பாடசாலைகளில் தாய்மார் கூட்டம் நடக்கும் நாளில் மிட்வைப் மிஸ்ஸை அழைத்து அரை மணித்தியாலம் பேசச் சொல்ல நாங்கள், ஆசிரியர்கள், தயார்.

ஸ்கேன் எடுக்க உதவி கேட்டு அடுத்த செய்தி வரும்போது வழமைபோல் கொடுப்போம். கூடவே, "டொக்டர் எதற்காக எடுக்கச் சொன்னார்?" என்றும் அன்பாகக் கேட்போம். நோயுற்ற எல்லாச் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. இந்தப் பதிவை உங்கள் குடும்பக் குழுக்களில் பகிருங்கள்.